மெழுகுவத்தி முதல் செயற்கை மூட்டு வரை: பாலிமரில் நீளம் செய்யும் வேலை, முடிச்சு செய்யும் வேலை

பிளாஸ்டிக், ரப்பர் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் பெயரை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இது பாலிஎத்திலீன், அது பி.வி.சி., இது ஒஸ்தி, அது மட்டம் என்று. பெயர் தெரிந்துவிட்டால் குணமும் தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு. மெழுகுவத்தி மெழுகு, பால் பாக்கெட் உறை, இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் வைக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வேதியியல் கணக்கில் இவை கிட்டத்தட்ட ஒரே சரக்கு. ஒரு கார்பன், அதன் மேல் இரண்டு ஹைட்ரஜன், பக்கத்தில் இன்னொரு கார்பன், அதன் மேல் இரண்டு ஹைட்ரஜன் என்று போய்க்கொண்டே இருக்கும் சங்கிலிதான் மூன்றும். ஆனால் முதலாவதை நகத்தால் சுரண்டி எடுத்துவிடலாம். கடைசியானது ஒரு ஆளின் எடையைத் தாங்கிக்கொண்டு உடம்புக்குள் வருஷக்கணக்கில் தேய்ந்து உழைக்கிறது.

அப்படியென்றால் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் இரண்டு பதில் வரும். ஒன்று, "மாலிக்குலர் வெயிட் அதிகம்". இன்னொன்று, "கிராஸ்லிங்க் பண்ணியிருப்பாங்க". இரண்டுமே சரியான திசைதான். ஆனால் சொல்பவர்களில் பாதிப் பேர் முதலாவதைக் கனம் என்றும் இரண்டாவதைக் கெட்டி என்றும் புரிந்துவைத்திருக்கிறார்கள், சிலர் இரண்டும் ஒன்றுதான் என்றே நினைக்கிறார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. வேதியியல் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

மூலக்கூறு எடை என்பது உண்மையில் நீளம்

ஒரே மாதிரியான சின்னச் சின்ன அலகுகள் வரிசையாகக் கோத்துக்கொண்டு உண்டான மிக நீளமான மூலக்கூறுதான் பாலிமர். பாலிஎத்திலீன், நைலான், ரப்பர், பருத்தி நூல் எல்லாம் இதில் அடக்கம். இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரிகிறது. 1920-ல் ஹெர்மன் ஷ்டாடிங்கர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் ஆயிரக்கணக்கான அணுக்கள் ஒரே மூலக்கூறாகக் கோத்திருக்க முடியும் என்று எழுதியபோது அந்தத் துறையின் பெரிய ஆட்களே ஒப்புக்கொள்ளவில்லை. சின்ன மூலக்கூறுகள் கும்பலாக ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துத்தான் இவர் ஏமாறுகிறார் என்றார்கள். கடைசியில் அந்த வேலைக்காக 1953-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு மூலக்கூறில் இருக்கும் அணுக்களின் எடையை எல்லாம் கூட்டினால் வருவது மூலக்கூறு எடை. ஹைட்ரஜன் அணு ஒன்றின் எடையை 1 என்று வைத்துக்கொண்டால் தண்ணீர் மூலக்கூறு 18. நம் சங்கிலியில் ஒரு கண்ணி, அதாவது ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும், 14. பாரஃபின் மெழுகில் பொதுவாக 20 முதல் 40 கண்ணிகள் இருக்கும், எனவே எடை சில நூறுகளில் நிற்கும். பால் பாக்கெட் உறையில் எடை ஒரு லட்சம் அளவுக்குப் போகும், கண்ணிகள் ஏறத்தாழ 7,000. மூட்டுக் கிண்ணத்தில் 35 லட்சத்துக்கு மேல், கண்ணிகள் இரண்டரை லட்சம். ஆக, இந்த எடை கையில் தூக்கினால் தெரிகிற கனம் கிடையாது. சங்கிலியின் நீளத்தைச் சொல்கிற ஒரு வழி.

எண்ணாகச் சொன்னால் மனதில் நிற்காது. மீன்பிடிக்கும் தங்கூசி நூலை நினைத்துக்கொள்ளுங்கள். சங்கிலியின் தடிமனை ஒரு மில்லிமீட்டர் தங்கூசி அளவுக்குப் பெரிதாக்கினால், மெழுகின் மூலக்கூறு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத துண்டு. பால் பாக்கெட்டின் மூலக்கூறு ஓர் ஆள் உயரம். மூட்டுக் கிண்ணத்தினுடையது 60 மீட்டருக்கு மேல்.

இன்னொன்று. ஒரு பிளாஸ்டிக்கில் எல்லாச் சங்கிலிகளும் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. குட்டையும் நெட்டையும் கலந்துதான் இருக்கும், நாம் சொல்லும் எடை எப்போதும் சராசரிதான்.

சிக்கு விழுந்தால்தான் பலம்

இப்போது அந்த மூன்று வகைத் தங்கூசியையும் தனித்தனியே குவித்துவைத்ததாக வைத்துக்கொள்வோம். சின்னத் துண்டுகள் உள்ள குவியலில் கையை விட்டால், பிடித்தது மட்டும் வரும். ஆள் உயர நூல் உள்ள குவியலில் ஒன்றை இழுத்தால் கூடவே நாலைந்து சேர்ந்து வரும். 60 மீட்டர் நூல் உள்ளதில் ஒன்றைப் பிடித்து இழுத்தால் குவியலே நகரும். யாரும் முடிச்சுப் போடவில்லை. நீளமாக இருப்பதால் தானாகவே சிக்கு விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பாலிமருக்குள் நடப்பதும் இதுதான், ஒரு வித்தியாசத்தோடு. அங்கே சங்கிலிகள் சும்மா கிடப்பதில்லை, வெப்பத்தால் சதா நெளிந்துகொண்டே இருக்கும். ஆனால் சுற்றிலும் மற்ற சங்கிலிகள் நெருக்கிக்கொண்டிருப்பதால் பக்கவாட்டில் நகர முடியாது. சிக்கிலிருந்து வெளியே வர வேண்டும் என்றால் தன் நீளத்தின் வழியாகவே ஊர்ந்து ஊர்ந்து வந்தாக வேண்டும். சங்கிலி நீளமானால் அதற்கு ஆகும் நேரமும் தாறுமாறாகக் கூடும்.

சிக்கு விழுவதற்கு ஒரு குறைந்தபட்ச நீளம் தேவை. பாலிஎத்திலீனுக்கு அது மூலக்கூறு எடை நாலாயிரம் வாக்கில் வந்துவிடுகிறது. தெர்மகோல் செய்யும் பாலிஸ்டைரீன் சங்கிலி பக்கத்துக்குப் பக்கம் பருத்த வளையங்களைச் சுமந்துகொண்டு விறைப்பாக இருப்பதால் அதற்கு முப்பதாயிரத்துக்கு மேல் வேண்டும். இந்த எல்லைக்குக் கீழே இருந்தால் பொருள் மெழுகு மாதிரி உதிரும். மேலே போனால்தான் இழுவை தாங்கும், வளையும், நாம் பிளாஸ்டிக் என்று நினைப்பதாக ஆகும்.

சிக்கோடு கூட, பக்கத்துச் சங்கிலிகளுக்கு இடையே இருக்கும் லேசான ஈர்ப்பும் நீளத்தோடு சேர்ந்து கூடிக்கொண்டே போகும். ஒவ்வொரு இடத்திலும் அது அற்பம்தான். ஆயிரக்கணக்கான இடங்களில் சேரும்போது, சங்கிலியைத் தனியாகப் பிரித்தெடுப்பதைவிட சங்கிலியை அறுப்பதே சுலபம் என்று ஆகிவிடும். பிளாஸ்டிக்கைத் தண்ணீரைப்போலக் கொதிக்கவைத்து ஆவியாக்க முடியாததற்குக் காரணம் இதுதான். ஆவியாவதற்கு முன்பே அது சிதைந்துவிடும்.

அப்படியானால் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போகலாமா?

போகலாம், ஆனால் கட்டுப்படியாகாது. பலமும் உருகும் வெப்பநிலையும் ஓர் அளவு வரை வேகமாக ஏறும், அப்புறம் தளர்ந்துவிடும். மெழுகு 60 டிகிரி வாக்கில் உருகும், பாலிஎத்திலீன் வகையைப் பொறுத்து 105 முதல் 135 டிகிரிக்குள் உருகும். அதற்கு மேல் எவ்வளவு நீட்டினாலும் அந்த எண் பெரிதாக நகராது. ஆனால் உருகிய நிலையில் அதன் குழகுழப்பு, அதாவது ஓட மறுக்கும் தன்மை, மட்டும் நிற்காமல் ஏறும். சிக்கு விழும் எல்லையைத் தாண்டியபின் சங்கிலியின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் குழகுழப்பு சுமார் பத்து மடங்காகிறது. பலத்தில் கிடைப்பது கொஞ்சம், இயந்திரத்தில் தள்ளப் படும் பாடு பத்து மடங்கு.

பிளாஸ்டிக் தொழிலில் இருப்பவர்கள் மூலக்கூறு எடையை நேரடியாகப் பேசுவதே அபூர்வம். அவர்கள் கேட்பது 'எம்.எஃப்.ஐ. (மெல்ட் ஃப்ளோ இண்டெக்ஸ்) எவ்வளவு?' என்றுதான். அதை அளக்கும் கருவி ரொம்ப எளிமையானது. சூடேற்றிய ஒரு சின்ன உருளைக்குள் பிளாஸ்டிக் குருணையைப் போடுவார்கள். பாலிஎத்திலீன் என்றால் 190 டிகிரி. மேலே 2.16 கிலோ எடையை ஏற்றுவார்கள். அடியில் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் விட்டமுள்ள துளை வழியாக இழை இழையாக வெளியே வரும். பத்து நிமிஷத்தில் எத்தனை கிராம் வருகிறதோ அதுதான் அந்த எண். எண் பெரிதாக இருந்தால் சரளமாக ஓடுகிறது, அதாவது சங்கிலி குட்டை. எண் சிறிதாக இருந்தால் சங்கிலி நெட்டை. வாளி, டப்பா வார்ப்பதற்கு அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடிப் பாய வேண்டும் என்பதால் பெரிய எண் உள்ள குருணை வாங்குவார்கள். ஊதிப் பையாக்குவதற்கும் குழாய் இழுப்பதற்கும் உருகிய பிளாஸ்டிக் அறுந்து விழாமல் நிற்க வேண்டும், அதனால் சிறிய எண். பெரிய எண் உள்ள குருணையை 'நல்ல குவாலிட்டி' என்று விற்கிறார்கள் என்றால் அது பாதி உண்மைதான். வார்ப்பவருக்கு நல்லது, விழுந்தால் உடையக் கூடாது என்பவருக்கு அவ்வளவு நல்லதில்லை.

மூட்டுக் கிண்ணம் செய்யும் பாலிஎத்திலீனை இந்தக் கருவியில் போட்டால் கிட்டத்தட்ட எதுவுமே வெளியே வராது. அதன் பொடியை அச்சில் போட்டுச் சூட்டோடு அழுத்திக் கட்டியாக்கி, அப்புறம் கடைசலில் கடைந்து எடுக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு பொதுவான தப்பையும் சொல்லிவிடுகிறேன். 'ஹை டென்சிட்டி' பாலிஎத்திலீன் என்றால் நீளமான சங்கிலி, 'லோ டென்சிட்டி' என்றால் குட்டைச் சங்கிலி என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். அதற்கும் நீளத்துக்கும் சம்பந்தம் இல்லை. லோ டென்சிட்டியில் சங்கிலியிலிருந்து அங்கங்கே கிளைகள் பிரியும். கிளை இருப்பதால் நெருக்கமாக அடுக்க முடியாது, அடர்த்தி குறையும், மெத்தென்று இருக்கும். ஹை டென்சிட்டியில் கிளைகள் குறைவு, ஒழுங்காக அடுக்கி விறைப்பாக இருக்கும். கிளையைக் கிராஸ்லிங்க் என்று சொல்பவர்களும் உண்டு. கிளையின் மறுமுனை சும்மா தொங்கிக்கொண்டிருக்கும், வேறு சங்கிலியைப் பிடித்திருக்காது. அதனால் அது கிராஸ்லிங்க் ஆகாது.

இதுவரை சொன்னதன் சாரம்: மூலக்கூறு எடை என்பது சங்கிலியின் நீளம். நீளம் கூடினால் சிக்கு கூடும், பலம் வரும், ஆனால் உருக்கி ஓடவைப்பது கஷ்டமாகும். சிக்கு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் நேரமும் சூடும் கொடுத்தால் அவிழும்.

முடிச்சு: வல்கனைசிங் கடையில் நடப்பது

அவிழாமல் இருக்க வேண்டும் என்றால்? அதற்குத்தான் முடிச்சு. அதே தங்கூசியைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு அங்கங்கே முடிந்துவிட்டால் அது வலை. எத்தனை பேர் பிடித்து இழுத்தாலும் ஒரு நூல் தனியாக உருவிக்கொண்டு வராது. ஒரு பாலிமர் சங்கிலியைப் பக்கத்துச் சங்கிலியோடு நிரந்தரமான வேதிப் பிணைப்பால் இணைப்பதைத்தான் குறுக்குப் பிணைப்பு என்கிறோம். கிராஸ்லிங்க் என்பது இதுதான்.

ரப்பரில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் போனால், மரத்திலிருந்து எடுத்த ரப்பர் பாலில் ஃபார்மிக் அமிலம் விட்டு உறையவைத்து, ரோலரில் கொடுத்து ஷீட்டாக்கி, புகையில் உலர்த்திவைத்திருப்பார்கள். அந்த ஷீட்டின் சங்கிலிகள் பயங்கர நீளம், மூலக்கூறு எடை பத்து லட்சத்தைத் தொடும். சிக்குக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் அதை அப்படியே டயராக்க முடியாது. இழுத்துப் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் முழுசாகத் திரும்பாது, வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். ஸ்காட்லாந்துக்காரர் சார்ல்ஸ் மேக்கிண்டாஷ் 1823-ல் ரப்பர் பூசிய மழைக்கோட்டுத் துணிக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தக் கோட்டுகளுக்கும் இதே பாடுதான்.

1839-ல் அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர், கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டும் உருகி ஓடாமல் தோல் மாதிரி ஆனதைக் கவனித்தார். ரப்பர் சங்கிலியின் ஒவ்வோர் அலகிலும் வேதிவினைக்குத் தயாராக ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. சூடு கிடைத்ததும் கந்தக அணுக்கள் அதன் அருகே ஒட்டிக்கொண்டு, பக்கத்துச் சங்கிலிக்கு ஒரு சின்னப் பாலம் போட்டுவிடுகின்றன. இதுதான் வல்கனைசிங். நூறு பங்கு ரப்பருக்கு ஒன்றிரண்டு பங்கு கந்தகம் போதும், சுமார் நூறு அலகுக்கு ஒரு முடிச்சு விழுந்தாலே ரப்பர் பேண்டின் குணம் வந்துவிடும். (குட்இயர் இதில் பணம் பார்க்கவில்லை, 1860-ல் கடனோடுதான் செத்தார். அவர் பெயரில் இருக்கும் டயர் நிறுவனம் 1898-ல் வேறு ஆட்கள் தொடங்கியது.)

நம்மூர் பஞ்சர் கடைகளின் போர்டில் 'வல்கனைசிங் ஒர்க்ஸ்' என்று எழுதியிருப்பது சும்மா இல்லை. டயரில் வெட்டு விழுந்த இடத்தைச் சுரண்டி, இன்னும் முடிச்சு விழாத கந்தக ரப்பரை வைத்து, இடுக்கியில் இறுக்கிச் சூடு கொடுப்பார்கள். சூட்டில் அந்த ரப்பருக்குள்ளும், அதற்கும் பழைய டயருக்கும் இடையிலும் முடிச்சு விழும். அதே கடையில் ட்யூபுக்கு பேட்ச் ஒட்டத் தடவும் 'சொல்யூஷன்' என்ன தெரியுமா? முடிச்சுப் போடாத ரப்பரைப் பெட்ரோல் மாதிரியான கரைப்பானில் கரைத்ததுதான் அதன் அடிப்படை. முடிச்சு இல்லாததால்தான் கரைகிறது. ஒரு ரப்பர் பேண்டை மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பெட்ரோலில் போட்டு (அடுப்பு, சிகரெட் எதுவும் பக்கத்தில் கூடாது) ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். ஊதிப் பெருத்து, தொட்டால் பிய்ந்துவிடும் போல ஆகும், ஆனால் கரையாது. வெளியே எடுத்துக் காற்றாட வைத்தால் பெட்ரோல் ஆவியாகிப் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். கரைப்பான் உள்ளே புகுந்து வலைக்கண்களை அகட்டும், முடிச்சை அவிழ்க்க அதற்குச் சக்தி இல்லை.

கொஞ்சம் யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். எல்லாச் சங்கிலிகளும் ஒன்றோடு ஒன்று முடிச்சாகிவிட்டால், ஒரு ரப்பர் பேண்ட் முழுக்க ஒரே மூலக்கூறு. அதன் மூலக்கூறு எடை என்ன என்று கேட்பதில் அர்த்தமே இல்லை, தராசில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மூலக்கூறு எடையையும் கிராஸ்லிங்கையும் ஒன்றென்று குழப்பிக்கொள்பவர்களுக்கு இந்த ஒரு விஷயம் போதும். முடிச்சு விழ ஆரம்பித்த பிறகு நாம் எண்ண வேண்டியது, இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே எவ்வளவு நீளம் இருக்கிறது என்பதை.

முடிச்சு போட்டால் கெட்டியாகுமா?

இல்லை. குறைந்தபட்சம், அதனால் மட்டும் ஆகாது. ரப்பர் பேண்டில் முடிச்சு இருக்கிறது, மெத்தென்று இருக்கிறது. பி.வி.சி. குழாயில் முடிச்சு இல்லை, மண்டையில் அடித்தால் வீங்கும்.

சாதாரண வெப்பநிலையில் பொருள் விறைப்பா, மெத்தா என்பதை முடிவுசெய்வது வேறு விஷயம். சங்கிலியின் சின்னச் சின்னத் துண்டுகள் அந்த வெப்பநிலையில் நெளிய முடிகிறதா, முடியவில்லையா என்பதுதான் கேள்வி. நெளிவு உறைந்துபோகும் வெப்பநிலைக்குக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்று பெயர். இயற்கை ரப்பருக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 70 டிகிரி, பி.வி.சி.க்கு பூஜ்யத்துக்கு மேலே சுமார் 80 டிகிரி. ஆகவே நம் அறையில் ஒன்று நெளிகிறது, மற்றது உறைந்திருக்கிறது. (பாலிஎத்திலீன் மாதிரி ஒழுங்காக அடுக்கிக்கொள்பவற்றில் அந்த அடுக்குகளும் விறைப்பைத் தரும்.) முடிச்சின் முதல் வேலை வேறு: நெளிய ஆரம்பித்த சங்கிலிகள் ஒன்றை விட்டு ஒன்று நழுவி ஓடாமல் பிடித்துவைப்பது.

பிடித்துவைப்பதால்தான் ரப்பர் இழுத்த பிறகு திரும்புகிறது. சுருண்டு கிடக்கும் சங்கிலி ஆயிரம் விதமாகச் சுருளலாம், இழுத்து நேராக்கினால் இருக்கும் விதங்கள் வெகு சில. விட்டதும் வெப்ப நெளிவு அதைத் திரும்பச் சுருட்டிவிடும். முடிச்சு இல்லாவிட்டால் சுருண்டுகொள்ளும், ஆனால் நழுவிப்போன புது இடத்தில் சுருண்டுகொள்ளும். முடிச்சு இருப்பதால் பழைய இடத்துக்கே வரும். ஒரு அகலமான ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்து உடனே மேலுதட்டில் வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். சில விநாடி அப்படியே வைத்திருந்துவிட்டுத் தளர்த்தி வைத்தால் சில்லென்று இருக்கும். உலோகக் கம்பிச் சுருளில் இதை உணர முடியாது. ரப்பரின் இழுவிசை வருவது அணுப் பிணைப்புகள் நீளுவதால் அல்ல, இந்தச் சுருளும் ஆசையால்தான் என்பதற்கு அதுவே சாட்சி.

முடிச்சைக் கூட்டிக்கொண்டே போனால்தான் கெட்டித்தன்மைக்கு வருவோம். முடிச்சுக்கு முடிச்சு இடைவெளி குறையக் குறைய நடுவில் உள்ள துண்டு நெளியவே இடமிருக்காது. நூறு பங்கு ரப்பருக்கு முப்பது, நாற்பது பங்கு என்று கந்தகத்தைச் சேர்த்து நேரமெடுத்து வேகவைத்தால் கிடைப்பது எபோனைட். கறுப்பாக, மரம் மாதிரி கடையக்கூடியதாக இருக்கும். ராஜமுந்திரியில் கையால் கடைந்து செய்யும் மசிப்பேனாக்களின் உடம்பு இதுதான். ரப்பர் பேண்டும் பேனாவும் ஒரே ரப்பர், ஒரே கந்தகம், அளவு மட்டும் வேறு.

குழந்தைகளின் டயப்பரில் இருக்கும் வெள்ளைப் பொடியும் இதே கணக்குத்தான். சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற அந்தப் பாலிமருக்கு முடிச்சே போடாவிட்டால் தண்ணீரில் கரைந்து குழகுழவென்று ஓடும். அதிகமாகப் போட்டால் வலை அகலாது, தண்ணீருக்கு இடம் இருக்காது. அரிதாக அங்கங்கே முடிச்சிட்டால்தான் தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைக் குடித்துவிட்டுக் கூழாக நிற்கும்.

சுருக்கமாக: நீளம் தருவது சிக்கு, அது அவிழும். முடிச்சு அவிழாது. அளவாக முடிச்சு இருந்தால் இழுபட்டுத் திரும்பும், கரையாது, ஓடாது. நெருக்கமாக இருந்தால் கெட்டியாகும், கூடவே முறியவும் ஆரம்பிக்கும்.

குக்கர் கைப்பிடி ஏன் உருகுவதில்லை

'பிளாஸ்டிக் என்றால் சூடு பட்டால் உருகும்' என்று பேசிக்கொண்டே தினமும் குக்கர் கைப்பிடியைப் பிடிக்கிறோம். அது பேக்கலைட் வகை. லியோ பேக்லண்ட் 1907-ல் உருவாக்கியது, ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்து எல்லாத் திசைகளிலும் முடிச்சுப் போட்டுக்கொண்டது. அதிகச் சூடு பட்டால் கருகும், உருகாது. இப்படி ஒரு முறை வார்த்துச் சூடேற்றியதும் முடிச்சாகி இறுகிவிடுபவை இறுகும் பிளாஸ்டிக்குகள். மெலமின் தட்டும் இதே ரகம். முடிச்சில்லாமல், எத்தனை முறை சூடேற்றினாலும் இளகி ஓடுபவை இளகும் பிளாஸ்டிக்குகள்: வாளி, குடம், தண்ணீர் பாட்டில்.

அரால்டைட் மாதிரி எபாக்ஸிப் பசையில் இது கையிலேயே நடக்கும். ஒரு ட்யூபில் சின்ன மூலக்கூறுகள், மற்றதில் அவற்றை இணைக்கும் மூலக்கூறுகள், அதாவது ஹார்டனர். கலந்ததும் நீளமும் முடிச்சும் ஒரே நேரத்தில் வளர ஆரம்பிக்கும். முதலில் தேன்போல ஒழுகும், கொஞ்சம் சூடேறும், அப்புறம் ஒரு கட்டத்தில் திடீரென்று குச்சியோடு மொத்தமாக எழும்பி வரும். அந்தக் கணத்தில்தான் ஒரே வலை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை தொடர்ந்துவிட்டது. அதன் பிறகும் முடிச்சுகள் விழுந்துகொண்டே இருக்கும், முழுப் பலம் வர மறுநாள் ஆகும். "ஹார்டனரைக் குறைத்துப் போட்டால் மெதுவாகக் காயும்" என்று சிலர் சொல்வது தவறு. முடிச்சுப் போட ஆள் பத்தாமல் அது பாதியிலேயே நின்று, கொழகொழப்பாகவே இருந்துவிடும்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் ராஜகோபாலன் வாசுதேவன் கழிவு பிளாஸ்டிக்கை வைத்துச் சாலை போடும் முறையைக் கொண்டுவந்தார், 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் தூவினால் இளகிக் கல்லைப் பூசிக்கொள்ளும், அப்புறம் தார். பால் பாக்கெட், பை எல்லாம் அங்கே வேலைக்கு ஆவது முடிச்சில்லாததால்தான். உடைந்த சுவிட்சையும் மெலமின் தட்டையும் அங்கே கொட்டிப் பயனில்லை.

நீளமும் வேண்டும், முடிச்சும் வேண்டும் என்றால்

பாலிஎத்திலீனுக்கும் முடிச்சுப் போடலாம். தெருவடியில் போகும் மின் கேபிள்களில் இருக்கும் எக்ஸ்.எல்.பி.இ. (கிராஸ்லிங்க் செய்த பாலிஎத்திலீன்) காப்புறை அப்படிப்பட்டதுதான். ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள்: முடிச்சுப் போட்டதால் அதன் உருகும் வெப்பநிலை பெரிதாக ஏறிவிடவில்லை. அடுக்குகள் ஏறக்குறைய அதே வெப்பநிலையில்தான் கலைகின்றன. கலைந்த பிறகு வழிந்து ஓடாமல் ரப்பர் மாதிரி நிற்கிறது, அதனால் கம்பி வெளியே வருவதில்லை. அதனால்தான் பி.வி.சி. கேபிளை 70 டிகிரி வரை ஓடவிடுகிறார்கள் என்றால், இதை 90 வரை ஓடவிடுகிறார்கள். எலக்ட்ரீஷியன்கள் மாட்டும், சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவும் இதே தந்திரம். முடிச்சிட்ட குழலைச் சூட்டில் விரித்து, அப்படியே குளிரவைத்துவிடுவார்கள். மறுபடி சூடு காட்டினால் அடுக்கு கலையும், வலை தன் பழைய அளவுக்கு இழுத்துக்கொள்ளும்.

மூட்டுக் கிண்ணத்தில் இந்தப் பேரம் இன்னும் கூர்மையானது. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு அறுவை மருத்துவர் முதலில் டெஃப்லான் கிண்ணம் வைத்துப் பார்த்தார், சீக்கிரமே தேய்ந்தது. 1962 கடைசியில் மிக நீளச் சங்கிலிப் பாலிஎத்திலீனுக்கு மாறினார், அது நிலைத்தது. ஆனால் அதுவும் பல வருஷத்தில் நுண்தூளாகத் தேய, அந்தத் தூள் சுற்றியுள்ள எலும்பைக் கரைக்கும் வினையைத் தூண்டியது. 1990-களின் கடைசியிலிருந்து கதிர்வீச்சால் முடிச்சிட்ட கிண்ணங்கள் புழக்கத்துக்கு வந்தன. தேய்மானம் வெகுவாகக் குறைந்தது. பதிலுக்கு, முடிச்சால் சங்கிலிகள் நகர்ந்து கொடுக்கும் தன்மை குறைந்துவிடுவதால் விரிசல் ஓடுவதைத் தடுக்கும் திறன் கொஞ்சம் போனது. கதிர்வீச்சால் எவ்வளவு முடிச்சிடுவது என்பதை இந்த இரண்டையும் நிறுத்துப் பார்த்துத்தான் முடிவுசெய்கிறார்கள்.

வெயில் என்ன செய்கிறது

மொட்டைமாடியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒரு நாள் உட்கார்ந்ததும் பொளுக்கென்று உடைகிறது. அதன் கனம் குறையவில்லை, வேதிப் பெயரும் மாறவில்லை. சூரியனின் புற ஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து சங்கிலிகளை அங்கங்கே அறுத்துவிட்டன. ஆயிரம் கண்ணிகளில் ஒன்று அறுந்தாலே நீளம் பல துண்டாகிவிடும், சிக்கு விழும் எல்லையை நெருங்கியதும் பிளாஸ்டிக் மெழுகின் குணத்துக்குத் திரும்பத் தொடங்கும். தண்ணீர்த் தொட்டிகளில் பல கறுப்பாக இருப்பதற்குக் காரணம், கரிப்பொடி அந்தக் கதிரைத் தானே வாங்கிக்கொள்வது. பழைய தண்ணீர் பாட்டில்களை நன்றாக உலர்த்தாமல் உருக்கினாலும் இதுதான் கதி. அங்கே சங்கிலியை அறுப்பது ஈரம்.

மேஜை இழுப்பறையில் வருஷக்கணக்கில் கிடந்த ரப்பர் பேண்டுகளில் சில பிசுபிசுவென்று காகிதத்தில் ஒட்டியிருக்கும், சில தொட்டால் பொடியாகும். பிசுபிசுப்பதில் சங்கிலிகள் அறுந்து நீளம் போய்விட்டது. பொடியாவதில் ஆக்சிஜன் கூடுதல் முடிச்சுகளைப் போட்டுவிட்டது. இரண்டுக்கும் 'ரப்பர் பழசாயிடுச்சு' என்ற ஒரே வார்த்தைதான் நம்மிடம்.

உடைந்ததைச் சூடு வைத்து ஒட்டலாமா?

தெருவில் 'குடம் பக்கெட் அடைக்கிறது' என்று கூவிக்கொண்டு வருபவர், பழுத்த கம்பியால் விரிசலின் இரு விளிம்பையும் இளக்கி, ஒரு துண்டு பிளாஸ்டிக்கை மேலே வைத்துத் தேய்ப்பார். இளகிய இடத்தில் இரு பக்கச் சங்கிலிகளும் ஒன்றுக்குள் ஒன்று ஊர்ந்து புதிதாகச் சிக்கு விழ வேண்டும், அப்போதுதான் ஒட்டு நிற்கும். அதனால் ஒரே வகைப் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், விளிம்பில் கொஞ்ச நேரம் சூடு நிற்கவும் வேண்டும். அவசரமாகத் தேய்த்துவிட்டுப் போனால் மேற்பரப்பு ஒட்டினாற்போலத் தெரியும், தண்ணீர் நிரப்பித் தூக்கினால் விட்டுவிடும். குக்கர் கைப்பிடி, சுவிட்ச், மெலமின் தட்டு ஆகியவற்றில் இந்த வித்தை செல்லாது, ஊர்ந்து வர அங்கே சுதந்திரமான சங்கிலியே கிடையாது. அவற்றுக்கு எபாக்ஸி மாதிரி வெளியிலிருந்து ஒரு வலையைக் கொண்டுவந்து பொருத்த வேண்டும். வெயிலில் வெளுத்துப்போன பக்கெட்டை அடைத்துத் தரச் சொன்னால் அனுபவஸ்தர்கள் வாங்க மாட்டார்கள். ஒட்டு நின்றாலும் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு இடத்தில் விட்டுவிடும், அங்கே சங்கிலிகள் ஏற்கெனவே குட்டையாகிவிட்டன.